மிட்ஃபீல்டர் எப்படி கோச் ஆகிறார்?

கால்பந்து பார்க்கத் தொடங்கிக் கொஞ்ச நாளானதும் ஒரு விஷயம் கண்ணில் படும். மைதானத்தின் ஓரத்தில் நின்று கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருக்கும் பயிற்சியாளர்களில் நிறையப் பேர் ஒரு காலத்தில் நடுக்களத்தில் ஆடியவர்கள். பெப் கார்டியோலா, கார்லோ அன்செலோட்டி, ஜினடின் ஜிடான், டிடியே தெஷாம், டியேகோ சிமியோனே, அன்டோனியோ கான்டே, ஷாபி அலோன்சோ, மிகெல் ஆர்டெட்டா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். இது தற்செயலா, இல்லை அந்த இடத்தில் ஆடுவதிலேயே ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நடுக்களத்தில் நன்றாக ஆடியவர் நல்ல கோச் ஆகிவிடுவார் என்று இதைப் புரிந்துகொண்டால் தப்பு. நடுக்களம் ஒருவருக்கு ஆட்டத்தைப் பார்க்கக் கற்றுத் தருகிறது, அவ்வளவுதான். தான் பார்ப்பதை இன்னும் 20 பேரைப் பார்க்க வைப்பது தனி வேலை, அதைப் புதிதாகக் கற்க வேண்டும், அதற்கு வருடங்கள் பிடிக்கும், சிலருக்கு அது வராமலேயே போகும்.

நடுக்களம் என்பது எந்த இடம்?

அடிப்படையிலிருந்து வருவோம். அணிக்கு 11 பேர். ஒருவர் கோல்கீப்பர், அவருக்கு முன்னால் டிஃபெண்டர்கள், எதிரணி கோலுக்குப் பக்கத்தில் ஃபார்வர்டுகள், இந்த இரண்டு வரிசைக்கும் இடையில் இருப்பவர்கள் மிட்ஃபீல்டர்கள். 4-3-3 என்று யாராவது சொன்னால் கோல்கீப்பரை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்: 4 டிஃபெண்டர், 3 மிட்ஃபீல்டர், 3 ஃபார்வர்டு.

நிற்கும் இடத்தைவிட, அங்கிருந்து என்ன தெரிகிறது என்பதுதான் நமக்கு முக்கியம். டிஃபெண்டருக்குப் பெரும்பாலான நேரம் ஆட்டம் முகத்துக்கு நேராக நடக்கிறது. ஓரமாக ஆடும் விங்கருக்கு ஒரு பக்கம் எல்லைக்கோடு, அந்தப் பக்கத்திலிருந்து யாரும் வந்து பந்தைப் பிடுங்கப் போவதில்லை. ஸ்ட்ரைக்கருக்கு முதுகில் எப்போதும் ஒரு ஆள் ஒட்டிக்கொண்டிருப்பார், ஆனால் கோல் அடிக்க வேண்டும் என்கிற வேலையில் குழப்பம் இல்லை. மிட்ஃபீல்டருக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. நாலு பக்கமும் எதிரணி ஆட்கள், நாலு பக்கமும் சொந்த ஆட்கள், பந்து எந்தத் திசையிலிருந்து வேண்டுமானாலும் வரும், எந்தத் திசைக்கு வேண்டுமானாலும் அதை அனுப்பலாம், யோசிக்கக் கிடைப்பதோ ஒன்றிரண்டு விநாடி.

அதனால் நல்ல மிட்ஃபீல்டர் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே யோசித்து முடித்திருப்பார். பந்து வேறெங்கோ இருக்கும்போது அவர் தலையைத் திருப்பித் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். இதற்கு ஸ்கேனிங் என்று பெயர். நார்வே ஆராய்ச்சியாளர் கெய்ர் ஜோர்டெட் பல வருடங்களாக இதையே ஆராய்ந்து வருகிறார். பந்து வருவதற்கு முன் அடிக்கடி சுற்றிப் பார்க்கும் ஆட்டக்காரர்களின் பாஸ் சரியாகப் போய்ச் சேருவதும் அதிகம் என்பது அவருடைய முக்கியமான கண்டுபிடிப்பு. பார்சலோனாவின் ஷாவி எர்னான்டெஸ் இந்த விஷயத்தில் பேர் போனவர். அவரும் பின்னாளில் கோச் ஆனவர்தான், 2022-23 சீசனில் பார்சலோனாவுக்கு ஸ்பானிஷ் லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார்.

இப்படி 15, 20 வருடம் ஆடினால் ஒருவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். தன் வேலை மட்டும் தெரிந்தால் அவருக்குப் போதாது. லெஃப்ட் பேக், அதாவது இடது ஓர டிஃபெண்டர், மேலே ஏறினால் அவர் விட்டுப்போன இடத்தை யார் மூடுவது, ஸ்ட்ரைக்கர் பந்தைக் காலுக்குக் கேட்கிறாரா முன்னாலிருக்கும் காலி இடத்துக்குக் கேட்கிறாரா, சொந்த டிஃபெண்டர்களில் யாருக்கு அழுத்தம் வந்தால் கை கால் நடுங்கும், எதிரணியில் யார் களைத்துவிட்டார், இப்போது வேகத்தைக் கூட்ட வேண்டுமா இல்லை பந்தை வைத்துக்கொண்டு எல்லாரும் மூச்சு வாங்க விட வேண்டுமா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அவர் பாஸே தப்பாகப் போகும். கோச் வாரம் முழுக்க உட்கார்ந்து யோசிப்பதும் இதே கேள்விகளைத்தான்.

எல்லா மிட்ஃபீல்டரும் ஒரே மாதிரி இல்லை

நடுக்களத்துக்குள்ளேயே வேலைகள் பிரிந்திருக்கின்றன. டிஃபெண்டர்களுக்கு நேர் முன்னால் நிற்பவர் ஹோல்டிங் மிட்ஃபீல்டர், பழைய எண் கணக்கில் 6. இரண்டு பெனால்டி பெட்டிகளுக்கும் இடையில் ஓடிக்கொண்டே இருப்பவர் 8. ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நின்று கோல் வாய்ப்பை உருவாக்குபவர் 10. ஒருவர் எந்த மாதிரி மிட்ஃபீல்டராக ஆடினாரோ அதன் சாயல் அவருடைய கோச்சிங்கிலும் தெரியும் என்பது என் கணிப்பு. விதி என்று சொல்ல மாட்டேன், ஆனால் அடிக்கடி பொருந்துகிறது.

கார்டியோலாவை எடுத்துக்கொள்ளுங்கள். 13 வயதில் பார்சலோனாவின் லா மாசியா அகாடமிக்கு வந்த ஒல்லியான பையன், வேகம் குறைவு, உடல் பலமும் குறைவு. 1990-இல் அப்போதைய பயிற்சியாளர் யோஹான் கிரைஃப் அவரை முதல் அணிக்குக் கொண்டுவந்து டிஃபெண்டர்களுக்கு முன்னால் நிற்க வைத்தார். ஓடி ஜெயிக்க முடியாது, மோதி ஜெயிக்க முடியாது, அப்படியென்றால் மற்றவர்களுக்கு முன்பே யோசித்துச் சரியான இடத்தில் நின்றாக வேண்டும். அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். பின்னாளில் அவர் பயிற்சி கொடுத்த அணிகளைப் பாருங்கள், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். இன்னொன்றும் உண்டு, கார்டியோலா கையில் கிடைத்த ஆளையெல்லாம் மிட்ஃபீல்டராக மாற்றிவிடுவார். 2009 மே மாதம் ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே 6-2 என்று அடித்த ஆட்டத்தில் மெஸ்ஸியை ஸ்ட்ரைக்கர் இடத்தில் வைத்து, அங்கிருந்து நடுக்களத்துக்கு இறங்கிவரச் சொன்னார். கூடவே போவதா நிற்பதா என்று மாட்ரிட் டிஃபெண்டர்களுக்குப் புரியவில்லை. பேயர்ன் மியூனிக்கில் ரைட் பேக்கான ஃபிலிப் லாமை நடுக்களத்துக்கு மாற்றினார். மான்செஸ்டர் சிட்டி மூன்று பெரிய கோப்பைகளை வென்ற 2022-23 சீசனில் டிஃபெண்டரான ஜான் ஸ்டோன்ஸ் பந்து தங்களிடம் இருக்கும்போது நடுக்களத்துக்கு ஏறி ஆடினார். நடுவில் ஒரு ஆள் அதிகம் இருந்தால் ஆட்டம் நம் கையில் என்பது கார்டியோலா தானே அங்கே நின்று ஆடிக் கண்ட உண்மை.

தெஷாம் வேறு ரகம். பந்தைப் பிடுங்கிப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடும் ஆள். சக பிரெஞ்சு ஆட்டக்காரர் எரிக் கன்டோனா அவரைத் தண்ணீர் சுமப்பவர் என்று இளக்காரமாகச் சொன்னது பிரபலம். அந்தத் தண்ணீர் சுமப்பவர்தான் 1998-இல் கேப்டனாக உலகக் கோப்பையைத் தூக்கினார், 2018-இல் பயிற்சியாளராக மறுபடி தூக்கினார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் உலகக் கோப்பை வென்றவர்கள் அவருக்கு முன் இரண்டே பேர், பிரேசிலின் மாரியோ ஜகாலோவும் ஜெர்மனியின் ஃபிரான்ஸ் பெக்கன்பவரும். 2018 அணியில் அவர் செய்த ஒரு வேலை எனக்கு மிகவும் பிடிக்கும். வலது பக்கம் எம்பாப்பே, தாக்குதலுக்குப் பறக்கும் ஆள், பின்னால் வந்து உதவுவது குறைவு. சரி, அதை ஈடுகட்ட இடது பக்கத்தில் இன்னொரு விங்கரை வைக்காமல் பிளேஸ் மத்தூதியை நிறுத்தினார். மத்தூதி அடிப்படையில் நடுக்கள ஆள், சளைக்காமல் ஓடுபவர். பார்க்க அழகாக இல்லை என்று அப்போது பலர் குறைபட்டார்கள், ஆனால் அணி சாயாமல் நின்றது அதனால்தான். ஒருவர் ஜொலிக்க வேண்டுமென்றால் இன்னொருவர் அவருக்காக ஓடியாக வேண்டும் என்பது, ஆடிய காலம் முழுக்க அடுத்தவருக்காக ஓடிய தெஷாமுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சிமியோனேவும் இந்த ரகம்தான், இன்னும் காரமாக. 1996-இல் அத்லெடிகோ மாட்ரிட் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றபோது அங்கே மிட்ஃபீல்டர், 2011 டிசம்பரிலிருந்து அதே அணியின் பயிற்சியாளர், 2014-லும் 2021-லும் லீக் பட்டம். ஆடும்போது எப்படி முட்டி மோதி ஒவ்வொரு பந்துக்கும் சண்டை போட்டாரோ அவர் அணியும் அப்படியே ஆடும்.

பெண்கள் கால்பந்தில் சரீனா வீக்மன் பெயரைச் சொல்லாமல் போகக் கூடாது. நெதர்லாந்துக்காக நடுக்களத்திலும் தற்காப்பிலும் சுமார் 100 ஆட்டங்கள் ஆடியவர். பெண்கள் கால்பந்தில் சம்பளம் என்று பெரிதாக எதுவும் இல்லாத காலம் அது, அதனால் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே ஆடினார். 2017-இல் நெதர்லாந்தையும், 2022-லும் 2025-லும் இங்கிலாந்தையும் யூரோ என்கிற ஐரோப்பிய நாடுகளின் போட்டியில் சாம்பியன் ஆக்கியவர் இவர். ஆசிரியர் வேலை அவருக்குப் பெரிய பலமாக இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் ஆட்டக்காரர்கள் கோச் ஆகும்போது திணறுவதே அந்த இடத்தில்தான்.

தெரிவது வேறு, தெரிய வைப்பது வேறு

தாய்மொழியைப் பிழையில்லாமல் பேசுகிற எல்லாருக்கும் அதன் இலக்கணத்தைச் சொல்லிக்கொடுக்க வராது. நடுக்களமும் அப்படித்தான். எப்போது திரும்ப வேண்டும், எப்போது ஒரே தொடுதலில் பாஸ் கொடுக்க வேண்டும் என்பது மிட்ஃபீல்டரின் உடம்பிலேயே ஊறியிருக்கும். ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டால் அப்படித்தான் தோன்றியது என்பார். 19 வயதுப் பையனிடம் போய் உனக்கும் அப்படித் தோன்ற வேண்டும் என்று சொல்ல முடியுமா? அதைத் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். பந்து வருவதற்கு முன் உடம்பைப் பாதி திருப்பி வை, இரண்டு பக்கமும் கண்ணில் படும். எந்தக் காலில் வாங்குகிறாய் என்று முடிவு செய். பின்னால் ஆள் இருந்தால் வந்த வழியே திருப்பிக் கொடு, இல்லையென்றால் திரும்பு. அப்புறம் இதைச் சொல்லிவிட்டால் மட்டும் போதாது, அந்தச் சூழ்நிலை திரும்பத் திரும்ப வரும்படி ஒரு பயிற்சியை வடிவமைக்க வேண்டும். சின்ன இடத்தில் ஒரு பக்கம் ஒரு ஆள் அதிகமாக வைத்து ஆட விடுவது, இரண்டு தொடுதலுக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு போடுவது எல்லாம் இதற்காகத்தான். பார்சலோனா பயிற்சியில் புகழ்பெற்ற ரோண்டோ, அதாவது வட்டமாக நின்று பாஸ் கொடுத்துக்கொண்டிருப்பவர்களிடமிருந்து நடுவில் இருப்பவர்கள் பந்தைப் பிடுங்கும் பயிற்சி, விளையாட்டு மாதிரி தெரியும். உண்மையில் அது முழுக்க முழுக்க முடிவெடுக்கும் பயிற்சி.

இன்னொரு கஷ்டமும் உண்டு. மைதானத்தில் இருக்கும்போது ஏதாவது தப்பாகப் போனால் மிட்ஃபீல்டர் தானே போய்ச் சரிசெய்யலாம், பந்தை வாங்கி வேகத்தைக் குறைக்கலாம், பத்து அடி பின்னால் போய் நின்று ஓட்டையை அடைக்கலாம். கோச்சுக்கு அது முடியாது. ஓரத்தில் நின்று கத்தலாம், பாதி பேருக்குக் காது கேட்காது. இடைவேளை அதிகபட்சம் 15 நிமிடம், அதில் தண்ணீர் குடித்து, அடிபட்டவரைக் கவனித்தது போக, பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். இப்போதைய விதிப்படி 5 மாற்று வீரர்களை இறக்கலாம், அதையும் ஆட்ட நேரத்தில் மூன்று தடவைக்குள் செய்து முடிக்க வேண்டும். அதனால்தான் அவருடைய வேலையில் பெரும்பகுதி மேட்ச் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பிறகு ஆட்களைக் கையாள்வது. அணியில் 25 பேர் இருந்தால் ஒவ்வொரு வாரமும் 14 பேரிடம் நீ முதலில் இறங்கப் போவதில்லை என்று சொல்ல வேண்டியவர் கோச். அந்த 14 பேரும் அடுத்த வாரம் தேவைப்படுவார்கள், அதுவரை மனம் உடையாமல் இருக்க வேண்டும். ஆட்டக்காரராக இருந்தபோது இந்தச் சுமை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

நடுவில் உள்ள படிகள்

ஆட்டத்தை விட்டதும் நேராகப் பெரிய அணிக்குப் போக முடியாது, உரிமம் வேண்டும். ஐரோப்பாவில் யுவெஃபா என்ற கால்பந்து அமைப்பின் உரிமம் சி, பி, ஏ, கடைசியாக ப்ரோ என்று படிப்படியாகப் போகும், ஆசியாவிலும் ஏஎஃப்சி அமைப்பில் அதே வரிசைதான். பெரிய லீக்குகளில் தலைமைப் பயிற்சியாளராக இருக்க ப்ரோ வேண்டும். வாங்கியதோடு முடிந்துவிடாது, தொடர்ந்து படித்துப் புதுப்பிக்க வேண்டும். இத்தாலியில் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள கோவர்சியானோ மையம்தான் இதற்குப் பேர் போனது. அங்கே ப்ரோ உரிமம் வாங்குகிறவர் கடைசியில் ஒரு ஆய்வேடு எழுத வேண்டும். எத்தனை கோப்பை வென்ற ஆட்டக்காரராக இருந்தாலும் உட்கார்ந்து எழுதித்தான் ஆக வேண்டும், எனக்கு அது ரொம்பச் சரியான ஏற்பாடாகப் படுகிறது.

உரிமம் ஒரு பக்கம், அனுபவம் இன்னொரு பக்கம். பொதுவாக மூன்று வழிகள் உண்டு. ஒரு பெரிய கோச்சுக்கு உதவியாளராக இருப்பது, கிளப்பின் சிறுவர் அணி அல்லது ரிசர்வ் அணியை எடுப்பது, இல்லையென்றால் சின்ன கிளப்பில் தொடங்குவது. ஆர்டெட்டா முதல் வழி. மான்செஸ்டர் சிட்டியில் மூன்று வருடத்துக்கு மேல் கார்டியோலாவுக்கு உதவியாளர், 2019 டிசம்பரில் ஆர்சனல். முதல் இரண்டு சீசனிலும் லீக்கில் 8-ஆவது இடம்தான் வந்தது, நடுவில் ஒரு எஃப்ஏ கோப்பை, பிறகு 2022-23-லிருந்து மூன்று சீசன் தொடர்ந்து 2-ஆவது இடம். அந்த 8-ஆவது இடத்தோடு அவரை அனுப்பியிருந்தால் இன்று அவரைத் தோற்றுப்போனவர் என்றுதான் சொல்லியிருப்போம். கார்டியோலா இரண்டாவது வழி, 2007-இல் பார்சலோனா பி அணியை எடுத்தார், அது அப்போது ஸ்பெயினின் நான்காம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தது. சிறிய ஆடுகளங்கள், பெயர் தெரியாத எதிரணிகள். அங்கே அவர் ஆட வைத்த ஒரு பையன்தான் செர்ஹியோ புஸ்கெட்ஸ், அடுத்த வருடமே அவரை முதல் அணிக்கு அழைத்துக்கொண்டு போனார். மூன்றாவது வழிக்கு இந்தியாவின் காலித் ஜமீல் நல்ல உதாரணம், அவரும் மிட்ஃபீல்டர்தான். தான் ஆடிய மும்பை எஃப்சி-க்கே பயிற்சியாளராகி, 2016-17-இல் ஐஸால் எஃப்சி என்ற சின்ன அணிக்கு ஐ-லீக் பட்டத்தை வாங்கித் தந்தார், 2025-இல் இந்திய அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.

இந்தப் படிகளைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும்? ஆண்ட்ரியா பிர்லோவையும் ஜிடானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேருமே அவர்கள் காலத்தின் ஆகச்சிறந்த மிட்ஃபீல்டர்கள். ஜிடான் 2006-இல் ஆட்டத்தை விட்டார். 2013-14 சீசனில் ரியல் மாட்ரிட்டில் அன்செலோட்டிக்கு உதவியாளர், அடுத்து கஸ்டியா என்கிற ரிசர்வ் அணிக்குப் பயிற்சியாளர், 2016 ஜனவரியில்தான் முதல் அணி. 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று தடவை சாம்பியன்ஸ் லீக், அதாவது ஐரோப்பாவின் முதன்மையான கிளப் கோப்பையை வென்றார். பிர்லோவை 2020 ஜூலை கடைசியில் யுவென்டஸ் தன் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு நியமித்தது. ஒன்பதே நாளில், அந்தச் சின்ன அணியோடு ஒரு மேட்ச்கூட ஆடாத நிலையில், முதல் அணியைத் தூக்கி அவர் கையில் கொடுத்துவிட்டார்கள். தொடர்ந்து 9 தடவை லீக் வென்ற அணி அந்த சீசனில் 4-ஆவதாக முடித்தது, இத்தாலியக் கோப்பை வென்றும் சீசன் முடிந்ததும் வேலை போனது. பிர்லோவுக்குக் கால்பந்து தெரியாது என்று யார் சொல்வார்கள்? தப்பு செய்து கற்றுக்கொள்ள ஒரு சின்ன இடம் அவருக்குக் கிடைக்கவில்லை, அதுதான் விஷயம். என்னைக் கேட்டால் அந்தப் பழியில் பெரும்பங்கு அவசரப்பட்ட நிர்வாகத்துடையது.

சரி, தெஷாம் மட்டும் ஆட்டத்தை விட்ட 2001-லேயே மொனாக்கோவின் கோச் ஆகி, 2004-இல் சாம்பியன்ஸ் லீக் இறுதிவரை கூட்டிப் போகவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், சிமியோனேவும் 2006-இல் ரேசிங் அணியில் ஆடி ஓய்வு பெற்ற கையோடு அதே அணிக்கு கோச் ஆனவர்தான். ஆனால் அவர்கள் தொடங்கிய இடங்களில் தோல்வியைப் பொறுத்துக்கொள்ளும் இடைவெளி கொஞ்சமாவது இருந்தது. ஒன்பது வருடமாகப் பட்டம் வென்றுகொண்டிருக்கும் அணியில் அது துளியும் கிடையாது.

ஷாபி அலோன்சோ: ஒரு முழுப் பயணம்

முழுக் கதையையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால் நான் அலோன்சோவைத்தான் சொல்வேன். அப்பா பெரிகோ அலோன்சோவே ரியல் சோசியடாடிலும் பார்சலோனாவிலும் மிட்ஃபீல்டர். மகன் ரியல் சோசியடாடில் தொடங்கி 2004-இல் லிவர்பூல் போனார், 2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் 0-3 என்று பின்தங்கிய அணி 3-3 ஆக்கியபோது அந்த மூன்றாவது கோல் அவருடையது, பெனால்டியைக் கீப்பர் தடுக்க, திரும்பி வந்த பந்தை உள்ளே தள்ளினார். பிறகு ரியல் மாட்ரிட், ஸ்பெயினுடன் 2010 உலகக் கோப்பையும் இரண்டு யூரோக்களும், கடைசியாக பேயர்ன் மியூனிக். 2017-இல் ஓய்வு.

இந்தக் கோப்பைகளைவிட அவர் யார் யாரிடம் ஆடினார் என்பதைப் பாருங்கள். ரஃபா பெனிடெஸ், ஜோசே மொரின்யோ, அன்செலோட்டி, கார்டியோலா, தேசிய அணியில் லூயிஸ் அரகோனெஸ், விசென்டே டெல் போஸ்கே. கால்பந்தைப் பற்றி ஒருவர் நினைப்பது இன்னொருவருக்கு ஒத்தே வராது. ஒருவர் பந்தை விடாதே என்பார், இன்னொருவர் பந்தை அவர்களிடமே விட்டுவிட்டு இடத்தைக் காப்பாற்று என்பார். இவர்களில் பெரும்பாலோர் அவரை ஒரே இடத்தில், டிஃபெண்டர்களுக்கு முன்னால், திட்டத்தின் நடுப்புள்ளியில்தான் வைத்தார்கள். கோச்சின் யோசனை மைதானத்துக்குள் நுழையும் வாசல் அந்த மிட்ஃபீல்டர்தான். ஒரே திட்டத்தில் ஊறியவருக்கு அது மட்டும்தான் கால்பந்து என்று தோன்றிவிடும், இவருக்கு அந்த ஆபத்து இல்லை.

ஓய்வு பெற்றதும் பெரிய வேலைக்கு ஓடவில்லை. ரியல் மாட்ரிட்டின் 14 வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 2019-இல் சொந்த ஊர்ப் பக்கம் போய் ரியல் சோசியடாட் பி அணியை எடுத்து, மூன்று வருடம் அங்கேயே இருந்தார். 2021-இல் அந்த அணியை இரண்டாம் அடுக்குக்கு உயர்த்தினார், அடுத்த வருடமே அது மறுபடி கீழே இறங்கியது. இந்த இறக்கத்தைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ அது முக்கியமாகப் படுகிறது. உலகக் கோப்பை வென்றவர், தன்னைவிடத் திறமை குறைந்த பையன்களோடு வாரா வாரம் தோற்கும்போது என்ன செய்வது என்பதை யாரும் பெரிதாகக் கவனிக்காத இடத்தில் கற்றுக்கொண்டார்.

2022 அக்டோபரில் பேயர் லெவர்குசென் அவரை அழைத்தபோது அணி 18-இல் 17-ஆவது இடத்தில் கிடந்தது. முதலில் தற்காப்பை இறுக்கினார், அந்த சீசனை 6-ஆவதாக முடித்தார்கள். அடுத்த கோடையில் ஆர்சனலில் இருந்து கிரானிட் ஷாக்காவைக் கொண்டுவந்தார்கள், தான் ஆடிய அதே மாதிரியான இடத்துக்கு அனுபவமுள்ள ஒரு ஆள். பின்னால் மூன்று டிஃபெண்டர், இரண்டு பக்கமும் ஃபிரிம்போங், கிரிமால்டோ என்று மேலே ஏறிப் பாயும் விங்பேக்குகள், நடுவில் ஷாக்கா பக்கத்தில் இருப்பவர்களோடு குட்டிக் குட்டிப் பாஸ்கள் ஆடி எதிரணியை ஒரு பக்கம் இழுக்க, திறந்த இடத்தில் ஃப்ளோரியன் விர்ட்ஸ் பந்தை வாங்கித் திரும்புவார். 2023-24 லீக்கில் 34 ஆட்டம், 28 வெற்றி, 6 டிரா, தோல்வியே இல்லை. ஜெர்மன் லீக்கில் அதற்கு முன் எந்த அணியும் ஒரு சீசன் முழுக்கத் தோற்காமல் இருந்ததில்லை, லெவர்குசென் அதற்கு முன் லீக் பட்டமே வென்றதில்லை. தொடர்ந்து 11 வருடம் பேயர்ன் கையிலிருந்த பட்டம் அது. ஜெர்மன் கோப்பையும் சேர்ந்து வந்தது. அந்த சீசனில் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து அவர்கள் தோற்றது ஒன்றே ஒன்று, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோபா லீக்கின் இறுதியில் அட்டலாண்டாவிடம் 0-3.

கற்றதை விடுவதும் கோச்சின் வேலை

இந்த இடத்தில் அன்செலோட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மிட்ஃபீல்டராகக் கற்றதே ஒருவரைக் கட்டிப்போடவும் செய்யும். அவர் அரிகோ சாக்கியின் ஏசி மிலானில் 1989, 1990 ஐரோப்பியக் கோப்பைகளை வென்ற மிட்ஃபீல்டர். சாக்கியின் 4-4-2, வரிசை பிசகாமல் நகரும் அணி, அதில் ஊறியவர். பிறகு 1994 உலகக் கோப்பையில் இத்தாலி அணியில் சாக்கிக்கு உதவியாளர். பார்மாவின் கோச் ஆனபோது அதே 4-4-2 மட்டும்தான் கால்பந்து என்று நினைத்தார். 1997-இல் ராபர்டோ பாஜ்ஜியோ பார்மாவுக்கு வரத் தயாராக இருந்தபோது, ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஆடும் ஆளுக்குத் தன் திட்டத்தில் இடமில்லை என்று வேண்டாம் என்றுவிட்டார். பின்னாளில் அதற்காக வருந்தியதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

யுவென்டஸ் போனபோது அங்கே ஜிடான் இருந்தார். ஜிடானை ஒரு வரிசைக்குள் அடைக்க முடியுமா? திட்டத்துக்கு ஆளைத் தேடுவதை விட்டு ஆளுக்கு ஏற்ற திட்டத்தைத் தேட அங்கேதான் தொடங்கினார். மிலான் பயிற்சியாளரானபோது அது முழுசாகப் பழுத்தது, பிர்லோவை டிஃபெண்டர்களுக்கு முன்னால் ஆழத்தில் நிறுத்தி, பக்கத்தில் ஓட கட்டுஸோ, முன்னால் செடார்ஃப், ருயி கோஸ்டா என்று ஒரே நடுக்களத்தில் பந்தை நேசிக்கும் இத்தனை பேரை அடுக்கினார். 2003, 2007 சாம்பியன்ஸ் லீக் அங்கே, பிறகு ரியல் மாட்ரிட்டில் 2014, 2022, 2024, மொத்தம் ஐந்து, வேறு எந்தப் பயிற்சியாளருக்கும் அத்தனை இல்லை. இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் ஐந்து நாடுகளிலும் லீக் பட்டம் வென்ற ஒரே ஆளும் அவர்தான்.

மிட்ஃபீல்டராக இல்லாமலும் பெரிய கோச் ஆனவர்கள் நிறைய உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அலெக்ஸ் ஃபெர்குசன் ஸ்ட்ரைக்கர், யூர்கன் கிளாப் மைன்ஸ் அணியில் ஸ்ட்ரைக்கராக இருந்து டிஃபெண்டராக மாறியவர், சாக்கி தொழில்முறையில் ஆடியதே இல்லை. நடுக்களம் கொடுப்பது ஒரு முன்தொடக்கம், அந்த முன்தொடக்கம் இல்லாதவர்கள் அதைப் படித்தும் கவனித்தும் ஈடுகட்டுகிறார்கள்.

அடுத்த மேட்ச் பார்க்கும்போது ஒரு பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் ஹோல்டிங் மிட்ஃபீல்டரை மட்டும் பாருங்கள், டிவியில் அவர் திரைக்கு வெளியே போய்விடுவார் என்பதால் மைதானத்தில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. பந்து தன்னிடம் இல்லாதபோது அவர் யாருக்குக் கை காட்டுகிறார், யாரை முன்னால் போகச் சொல்கிறார், கோல் வாங்கியதும் யாரிடம் போய்ப் பேசுகிறார், ஆட்டம் நின்றிருக்கும்போது ஓரத்துக்கு ஓடிப்போய் கோச்சிடம் என்ன கேட்டுவிட்டு வந்து யார் யாரை இடம் மாற்றுகிறார் என்று கவனியுங்கள். எல்லா அணியிலும் இல்லாவிட்டாலும், அப்படி ஒருவர் கண்ணில் பட்டால் அவர் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டத்தை விட்ட பிறகு அவர் எந்தச் சிறுவர் அணியை எடுக்கிறார், யாருக்கு உதவியாளராகப் போகிறார் என்று தொடர்ந்து பார்ப்பது மேட்ச் பார்ப்பதற்குச் சமமான சுவாரசியம்.